ராத்திரி டீயும் நெஞ்சுப் படபடப்பும்

இந்தத் தடவை நாத்து, நடவு, உர விலை எதுவும் இல்லை. டீயைப் பத்தி எழுதப் போறேன்.

பழவேற்காட்டுக்கு உங்கள்ல பல பேர் வந்திருப்பீங்க. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பூநாரை பார்த்து, டச்சுக்காரங்க கல்லறையைப் படம் பிடிச்சு, நண்டு வாங்கிக்கிட்டு சாயங்காலம் கிளம்பிடுவீங்க. ஏரிக்கரைக் குப்பங்கள்ல பல வீடுகளுக்கு வேலையே அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். எனக்குப் பொன்னேரிப் பக்கம் நெல் விவசாயம். அரிசி கொண்டுபோய்க் கொடுத்து மீன் வாங்கி வர்ற பழக்கத்துல குப்பத்து ஆளுங்களோட பல வருஷப் பழக்கம்.

இங்கே 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் மாதிரி ஊர்கள்ல தலைமுறை தலைமுறையா நடக்குது. ஏரியில எந்த இடத்துல யார் எந்த நாள் வலை கட்டணும்னு ஊர் கூடி முறை வெச்சுக்குவாங்க. உங்க முறை வர்ற அன்னிக்குத்தான் நல்ல இடம் உங்களுக்கு. அன்னிக்கு உடம்பு சரியில்லை, தூக்கம் வருதுன்னு விட்டுட்டா அடுத்த முறை வரைக்கும் காத்திருக்கணும். இறாலுக்கு ராத்திரிதான் வலை. அதனால தோணியில வலையோட ஒரு பிளாஸ்க்கும் ஏறும். தூள் கூடப் போட்டு, சர்க்கரை அள்ளிக் கொட்டி, கசக்கக் கசக்கக் கொதிக்க வெச்ச டீ.

தோணியில இருக்கிறவர் டீ குடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். வீட்டுல முழிச்சிருக்கிறவங்க குடிக்கிறது யார் கண்ணுக்கும் படாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணி இருக்காங்க. 2004 டிசம்பர் 26 காலையில கடல் ஊருக்குள்ள வந்ததைக் கண்ணால பார்த்தவங்க. அதுல இருந்து வீட்டுக்காரர் ராத்திரி தண்ணிக்குப் போனா இவங்களுக்குத் தூக்கம் கிடையாது. போன் வர்ற வரைக்கும் முழிச்சிருக்கணும். தூங்கிட்டா ஏதாவது ஆயிடும்னு மனசுல ஒரு கணக்கு. தூங்காம இருக்கப் பால் ஊத்தாத வர டீ. பத்து மணிக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. ரெண்டு மணி வாக்குல நெஞ்சு படபடன்னு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், மூச்சு முட்டும். "இதோட உசுரு போயிடும்னு தோணும் தம்பி"ன்னு சொல்லுவாங்க. அந்தப் படபடப்பையே அவங்க ஒரு சேதியா எடுத்துக்கிட்டாங்க. 'ஏரியில அவருக்கு என்னமோ ஆயிடுச்சு, அதான் என் நெஞ்சு இப்படி அடிக்குது.' உடனே போன் போடுவாங்க. ஏரி நடுவுல சிக்னல் இருக்காது. படபடப்பு இன்னும் ஏறும்.

மந்திரிச்சுப் பார்த்தாங்க. ஆஸ்பத்திரியில இசிஜி எடுத்தாங்க, இதயம் நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க. கடைசியா ஒரு டாக்டரம்மாதான், "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீங்க? கடைசி டீ எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டிருக்காங்க. அண்ணி விரல் விட்டு எண்ணினப்போ ஏழு வந்துச்சு. அதுல நாலு பொழுது சாஞ்ச பிறகு.

அந்தக் கேள்விக்குப் பின்னால இருக்கிற விஷயத்தை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட வரைக்கும் சொல்றேன். நாம முழிச்சிருக்க இருக்க மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துகிட்டே வரும். அது போய் உட்கார வேண்டிய இடத்துல உட்கார்ந்தாத்தான் களைப்பும் தூக்கமும் தெரியும். டீ, காப்பியில இருக்கிற காஃபின் முந்திக்கிட்டுப் போய் அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். களைப்பு உடம்புல அப்படியேதான் இருக்கும், சேதி மட்டும் வராது. கூடவே அட்ரினலினும் ஏறும். அதனால நெஞ்சு வேகமா அடிக்கும், கை நடுங்கும். பயந்தா உடம்புல என்னென்ன நடக்குமோ, ஏறக்குறைய அதேதான். சாதாரணமா இருக்கிறவருக்கு அது சுறுசுறுப்பு. ஏற்கெனவே மனப்பதற்றம் இருக்கிறவருக்கு அது ஆபத்து வந்துட்டதா அடிக்கிற மணி.

திடீர்னு வர்ற இந்தக் கடும் பீதி அடிக்கடி வர்றவங்களுக்குப் பல ஆய்வுகள்ல காஃபின் கொடுத்துப் பார்த்திருக்காங்க. ஒரே நேரத்துல 400 மில்லிகிராமுக்கு மேல, அதாவது நாலஞ்சு கப் காப்பி அளவு. அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ ஏறக்குறைய பாதிப் பேருக்கு அங்கேயே பீதி வந்திருக்கு. அந்த நோய் இல்லாதவங்கள்ல மிகச் சிலருக்குத்தான் வந்துச்சு. காஃபினால வர்ற பதற்றக் கோளாறுன்னு மனநல மருத்துவர்களோட கையேட்டுலயே தனியா ஒரு பேர் இருக்கு.

அளவு என்னன்னு கேப்பீங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டியில ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்ட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. 150 மில்லி டீயில 30 முதல் 65, இன்ஸ்டன்ட் காப்பியில 50 முதல் 65, டிகாக்‌ஷன் காப்பியில 80 முதல் 120 மில்லிகிராம். அண்ணியோட ஏழு டம்ளர் கெட்டி டீயை நீங்களே பெருக்கிப் பாருங்க. அதுவும் இந்த 300 நல்லா இருக்கிறவங்களுக்குச் சொன்ன கணக்கு. பதற்றம் உள்ளவங்கள்ல சிலருக்கு ரெண்டு டம்ளரே அதிகம்.

அளவை விட நேரம் முக்கியம்னு எனக்குப் படுது. குடிச்ச காஃபின்ல பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். பதினோரு மணிக்குக் குடிச்சதுல பாதி விடியக்காலை நாலு மணிக்கும் உள்ளேயே இருக்கும். வீட்டுக்காரர் கரை சேர்ந்து, பயம் தீர்ந்து படுத்தாலும் அண்ணிக்குத் தூக்கம் வராது. தூங்காத மறுநாள் மனசு இன்னும் சீக்கிரம் பயப்படும், களைப்புக்கு இன்னும் ரெண்டு டீ. வட்டம் இப்படியே சுத்தும்.

"அவரும்தான் குடிக்கிறாரு, படுத்ததும் குறட்டை விடறாரு"ன்னு அண்ணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. காஃபினைக் கழிக்கிற வேகம் ஆளுக்கு ஆள் மாறும், பிறவியிலேயே அப்படி. போதாததுக்கு அவர் பீடி பிடிக்கிறவர். புகை பிடிக்கிற உடம்பு காஃபினைச் சீக்கிரம் கழிச்சுடும். (பீடி, சிகரெட்டை விடப் போறவங்க இதைக் கவனிங்க. விட்ட பிறகு பழைய அளவு டீயே கூடுதலா வேலை செய்யும். அந்தப் படபடப்பைப் பார்த்துப் பயந்துட்டு மறுபடி பத்த வெச்சுடாதீங்க.)

டாக்டரம்மா டீயை ஒரேயடியா நிறுத்தச் சொல்லலை. திடீர்னு நிறுத்தினா ஒரே நாள்ல தலைவலி, எரிச்சல், சோர்வு வந்து ஒரு வாரம் வரைக்கும் படுத்தும். அந்தத் தலைவலிக்குப் போடுற சில மாத்திரையிலயும் காஃபின் இருக்கு, அட்டையைப் படிச்சுப் பாருங்க. அதனால சில நாளைக்கு ஒரு டம்ளர்னு குறைச்சாங்க. முதல்ல ராத்திரி டீ போச்சு, அந்த இடத்துக்குச் சுக்கும் மல்லியும் கொதிக்க வெச்ச தண்ணி வந்துச்சு. டீத்தூளோ காப்பித்தூளோ சேர்க்காத சுக்குத் தண்ணியில காஃபின் கிடையாது. இப்போ காலையில ரெண்டு டீ, மத்தியானம் ஒண்ணு, அதோட சரி. கூடவே மனநல ஆலோசனைக்கும் போறாங்க.

பயம் போயிடுச்சான்னா, போகலை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க வட்டாரமே தண்ணிக்குள்ள நின்னுச்சு. முகத்துவாரம் மணல் மூடினா கடலுக்குப் போற வழி அடைபடும், பாடு சரியில்லைன்னா கடன் ஏறும். இதெல்லாம் டீ உண்டாக்கின பயம் இல்லை, டீயை விட்டாப் போறதும் இல்லை. ஏழைப்பட்டவங்க பதற்றத்தை எல்லாம் 'டீயைக் குறைங்க'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சு அனுப்பறதும் தப்பு. ஆனா இப்போ அண்ணி ஒண்ணு சொல்றாங்க: "முன்னாடி நெஞ்சு அடிச்சா அவருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனப்பேன். இப்ப காத்து அடிக்குதான்னு வெளிய வந்து பார்க்கிறேன். காத்து இல்லைன்னா படுத்துடறேன்." நெஞ்சு சொல்றதுக்கும் ஏரியில நடக்கிறதுக்கும் இப்போ அவங்களால வித்தியாசம் பார்க்க முடியுது.

நகரத்துல இருக்கிற உங்களுக்கும் பாடு இருக்கு. நைட் ஷிப்ட், மாசக் கடைசி டார்கெட், இஎம்ஐ. பிளாஸ்க்குக்குப் பதிலா ஆபீஸ் காப்பி மெஷினும் எனர்ஜி டிரிங்க் டப்பாவும். நெஞ்சு படபடத்தா முதல்ல டாக்டரைப் பாருங்க, எல்லாத்தையும் டீ மேல போட்டுட்டு வீட்டுல உட்கார்ந்துடாதீங்க. நெஞ்சுல வலி இருந்தா காத்திருக்கவே கூடாது. இதயம் சரியா இருக்குன்னு சொல்லிட்டா, ஒரு வாரம் எத்தனை டம்ளர், எத்தனை மணிக்குன்னு காலண்டர்ல குறிச்சு, அதை டாக்டர்கிட்ட காட்டுங்க. மனசு விட்டுப் பேச ஆள் வேணும்னா அரசாங்கத்தோட டெலி மானஸ் எண் 14416. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

விடிஞ்சா நாத்தங்கால்ல வேலை இருக்கு. அடுத்த பதிவுல பார்ப்போம்.