நற்பெயரும் ஒரு சொத்துதான்

பி.காம். படிக்கிற எங்களுக்கு நற்பெயர் என்றால் கண்ணுக்குத் தெரியாத சொத்து. நாடுகளுக்கும் இது பொருந்துமா? மாலத்தீவைப் பாருங்கள்.

சுமார் 5 லட்சம் பேர் வாழும் தீவு நாடு. 1988-ல் கூலிப்படை தலைநகர் மாலேயைத் தாக்கியபோது அன்றிரவே இந்திய ராணுவம் போய் இறங்கியது. 2014-ல் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தீப்பிடித்தபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பினோம்.

இவ்வளவு செய்தும், இந்திய ராணுவத்தினரை வெளியேற்றுவேன் என்று சொல்லித்தான் முகமது முய்சு 2023 அதிபர் தேர்தலில் வென்றார். 2024 மே மாதம் அவர்கள் திரும்பியும் விட்டார்கள். இது நன்றிகெட்டதனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன நாட்டுக்கும் தன்மானம் உண்டு. சொல்லிக்காட்டினால் உதவியும் கடனாகிவிடும்.

எனக்குப் பிடித்தது வேறு. உரசல் உச்சத்தில் இருந்த 2024 ஏப்ரலில், மாலத்தீவுக்கான முட்டை, வெங்காயம், அரிசி ஏற்றுமதி ஒதுக்கீட்டை இந்தியா உயர்த்தியது. 1981-ல் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து அதுவே அதிகம். அக்டோபரில் முய்சு டெல்லி வந்தார். 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றத்துக்கு ஒப்பந்தம் ஆனது. அவர்களின் டாலர் தட்டுப்பாடும் ஒரு காரணம்தான். ஆனாலும், கோபத்தில் கடையைச் சாத்தாத வியாபாரியிடம்தானே வாடிக்கையாளர் திரும்பி வருவார்? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?