புதுசா வந்த பையனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

ஐ.டி.ஐ.யில் என்னிடம் ஃபிட்டர் படித்தவர்களில் பல பேர் இன்று சூப்பர்வைசர், லைன் இன்சார்ஜ், சொந்தப் பட்டறை முதலாளி என்று இருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கல்யாண வீட்டில் பார்த்தாலும் சரி, போனில் பேசினாலும் சரி, இப்போது எல்லாரும் ஒரே பல்லவி பாடுகிறீர்கள். "சார், இப்ப வர்ற பசங்க சரியில்லீங்க சார். பத்து நாள் வர்றான், பதினொன்னாம் நாள் போனை ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போயிடறான்."

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பாஸ் ஆகி வேலைக்குப் போன புதிதில் உங்களைப் பற்றியும் பட்டறைக்காரர்கள் என்னிடம் இதையேதான் சொன்னார்கள்!

வருகிற பிள்ளை யார் என்று முதலில் பாருங்கள். வயது 18, 19. ஊரை விட்டு முதல் முறையாக வெளியே வந்திருக்கிறான். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்தே பழகியவன், முதல் நாளே எட்டு மணி நேரம் நிற்கிறான். பிரஸ் சத்தம், கூலண்ட் நாற்றம், ராத்திரி ஷிஃப்ட். ரூமில் ஆறு பேர், சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. ஓடிப் போன சில பிள்ளைகளிடம் நானே பேசிப் பார்த்திருக்கிறேன். வேலை கஷ்டம் என்று சொன்னவர்கள் குறைவு. கால் வலி, மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை என்றுதான் அதிகம் பேர் சொன்னார்கள். ஒரு பெண் பிள்ளை, பாத்ரூம் எங்கே என்று ஆம்பளைகள் மத்தியில் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்று நாள் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்ததாகச் சொன்னாள்.

அதனால் முதல் நாள் மெஷினைக் காட்டுவதற்கு முன் நான்கு இடங்களைக் காட்டுங்கள். கழிப்பறை, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன். பத்து நிமிஷ வேலை.

அடுத்தது சொல்லிக் கொடுக்கிற முறை. நம்மில் பல பேர் மெஷினை வேகமாக ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம். புதுப் பையன் உலகத்தில் எங்கே இருந்தாலும் அதற்குச் சொல்லும் பதில் ஒன்றுதான், "புரிஞ்சுதுங்க சார்." அந்தக் கேள்வியால் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது.

இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்ச் சமயம் அமெரிக்காவில் வேலை தெரிந்த ஆட்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலையே பார்க்காத ஆண்களும் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கற்றுக் கொடுக்க, சூப்பர்வைசர்களுக்கு முதலில் கற்றுக் கொடுத்தார்கள். 1940-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்று பெயர். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா கம்பெனி அதை எடுத்துக்கொண்டு வளர்த்தது. அதில் வேலை சொல்லிக் கொடுக்க நான்கு படிகள்.

ஒன்று, ஆளைத் தயார் செய்வது. பயத்தைப் போக்கி, இந்த வேலையில் அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்வது. இரண்டு, வேலையைத் துண்டு துண்டாகச் செய்து காட்டுவது. ஒவ்வொரு துண்டிலும் முக்கியமான இடம் எது, ஏன் என்று சொல்வது. மூன்று, அவனையே செய்ய வைப்பது. செய்யும்போதே அவன் வாயால் ஏன், எதற்கு என்று நமக்குச் சொல்ல வேண்டும். நான்கு, தனியாக விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார்ப்பது. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஆளைக் காட்டிவிட்டுப் போவது.

இதில் நாம் விடுவது இரண்டாம் படியில் வரும் 'ஏன்' என்பதையும், மூன்றாம் படியை முழுசாகவும். மைக்ரோமீட்டரைக் கொடுத்து "ராட்செட்டைப் பிடிச்சுத் திருப்பு" என்றால் இரண்டு நாள் செய்வான். மூன்றாம் நாள் அவசரத்தில் திம்பிளைப் பிடித்து இறுக்குவான். "அது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் காட்டுகிற கருவி. நீ இறுக்குகிற இறுக்கில் அளவு மாறிப் போகும். எல்லார் கையிலும் ஒரே அழுத்தம் விழணும்னுதான் ராட்செட் வெச்சிருக்கான்" என்று காரணம் சொல்லிவிட்டால், பிறகு அவனே அடுத்தவனைத் திருத்துவான். டிரில்லிங் மெஷினில் கையுறை போடாதே என்பதும் அப்படித்தான். கையுறை கைக்குப் பாதுகாப்பு என்றுதானே பிள்ளை நினைப்பான்? சுற்றுகிற டிரில் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்று சொன்னால்தானே தெரியும்? லேத் சக்கில் சாவியை விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அந்தச் சாவி எங்கே பறக்கும் என்று சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக இல்லை. காரணம் தெரிந்தவன் கை தானாக நிற்கும்.

இனி எழுதப் போவதை எழுத எனக்கு மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பல வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு சின்ன யூனிட்டில் பவர் பிரஸ்ஸில் சேர்ந்தான். வயது 19. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அங்கே உற்பத்தி வேகமாக வேண்டும் என்று ஒரு பட்டனை ஆப்பு வைத்து அமுக்கியே வைத்திருந்தார்கள். ஒரு கையால் பட்டன், ஒரு கையால் பீஸ். ஆறாவது நாள் அவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "ஏன் கண்ணு, அப்படி ஓட்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பக்கத்து மெஷின் அண்ணனும் அப்படித்தான் சார் ஓட்டுனாரு. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. கேட்டா திட்டுவாருன்னு கேக்கல சார்."

பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கேட்க வாய் வரவில்லை. இரண்டு விரல் போனது அந்த இடத்தில்தான்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆபத்தானவை என்று அரசு குறிப்பிட்ட மெஷின்களில் 18 வயது நிரம்பாதவரை வேலைக்கு விடுவதென்றால், ஆபத்தையும் எச்சரிக்கையையும் முழுசாக விளக்கியிருக்க வேண்டும் என்றது அது. போதுமான பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷினை நன்றாக அறிந்தவர் கூடவே இருந்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் 18 வயதைத்தான் கணக்கில் எடுத்தது. பதினெட்டு முடிந்த மறுநாளே அனுபவம் வந்துவிடுமா? உங்கள் கையில் வருகிற 19, 20 வயதுப் பிள்ளைக்கும் இதைக் கணக்கில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குக் கேட்கிற தைரியம் எப்போது வரும், எப்போது போகும் தெரியுமா? அவன் முதல் பீஸைக் கெடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிற நிமிஷத்தில்தான். நாலு பேர் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினீர்கள் என்றால் அடுத்த கெட்ட பீஸ் உங்களிடம் வராது. நல்ல பீஸ் டிரேயில் கலந்து கஸ்டமரிடம் போகும். அங்கிருந்து முழு லாட்டும் திரும்பி வரும். அதற்குப் பதிலாக மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த அளவில் கெட்டது? எத்தனையாவது பீஸில் பார்த்தாய்? அதற்கு முந்தின பீஸ்களை அளந்து பார்த்தாயா? இதில் வேலையும் நடக்கும், பாடமும் நடக்கும். மறைக்காமல் கொண்டு வந்ததற்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். மேலே இருந்து டார்கெட், டார்கெட் என்று அழுத்துகிறார்கள். "பையனுக்குச் சொல்லிக் கொடு" என்று ஒரு சீனியரிடம் விட்டால் அவனுக்கும் அதே டார்கெட்தான். அவன் எப்படிச் சொல்லிக் கொடுப்பான்? புதுப் பையனைக் கூட விட்டால் முதல் இரண்டு வாரத்துக்காவது அந்த சீனியரின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுங்கள். மேனேஜரிடம் பேசி வாங்கிக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. இன்னொன்று, நன்றாக வேலை செய்கிற ஆள் எல்லாரும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிற ஆள் இல்லை. சில பேருக்குக் கை பேசும், வாய் பேசாது. பொறுமை உள்ள ஆளாகப் பார்த்து விடுங்கள்.

இப்போது ஒடிசா, பீகார் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். பாஷை தெரியாதவனிடம் சத்தம் போட்டுச் சொன்னால் புரிந்துவிடாது. செய்து காட்டுங்கள், செய்ய வையுங்கள். 'நிறுத்து', 'கையை எடு', 'மெதுவாக', 'தெரியாவிட்டால் கேள்', இந்த நாலையும் அவன் பாஷையில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். வாத்தியார் மாணவனிடம் கற்றுக்கொள்வது குறைச்சல் இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் செல்லம் கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், ஷூ போடாமல் வந்தவனை நான் ஒர்க்ஷாப் வாசலைத் தாண்ட விட்டதில்லை. மெஷின் முன்னால் செல்போன் கூடாது. பாதுகாப்பில் தயவு தாட்சண்யம் கூடாது. ஆனால் அந்தக் கண்டிப்பு சீனியருக்கும் அதேதான். சீனியர் கார்டைக் கழற்றி வைத்து ஓட்டினால், புதுப் பையனுக்கு அதுதான் பாடம். போர்டில் எழுதி மாட்டியதை எவன் படிக்கிறான்?

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஹோசூரிலோ ஒரகடத்திலோ வேலையில் இருந்து ராத்திரி போன் பண்ணினால், "சம்பளம் போட்டாங்களா?" என்பதற்கு முன்னால், "எந்த மெஷின்ல விட்டிருக்காங்க? யாரு சொல்லிக் குடுத்தாங்க? சந்தேகம் வந்தா யாரைக் கேப்பே?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பிள்ளை ஒரு பேர் சொன்னால் நிம்மதியாகத் தூங்குங்கள். பேர் வரவில்லை என்றால் மறுநாளே அப்படி ஒரு ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

சூப்பர்வைசர்களாக இருக்கிற என் பிள்ளைகளே, நாளைக்குத் திங்கட்கிழமை. உங்கள் லைனில் கடைசியாகச் சேர்ந்தவன் யார் என்று பாருங்கள். அவன் பெயர் தெரியுமா உங்களுக்கு? தெரியாவிட்டால் அதில் ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஃபிட்டர் வாத்தியார்