ஆடிய பிறகு வரைந்த படம்

இந்திய நிலநடுக்கங்களைப் பற்றி நோட்டில் அவ்வப்போது எழுதிவைத்தவை. வரிசை கிடையாது.

*

கிள்ளாரி, லாத்தூர் மாவட்டம். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை 3.56. முந்தின நாள் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய ஊர். அளவு 6.2தான். செத்தவர்களோ பத்தாயிரம் பேர் அளவில். கொன்றது சுவர். இரண்டடி, மூன்றடி கனம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும். இரண்டு முகத்தையும் பிணைக்க அங்கங்கே ஒரு நீளக்கல்லைக் குறுக்கே போட்டிருந்தால் நிறையப் பேர் பிழைத்திருப்பார்கள். மேலே வெயிலுக்காகவும் மழைக்காகவும் கனமாகப் பரப்பிய மண் கூரை. வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருந்த அதே மண்தான் ஆளை மூடியது.

*

1950 ஆகஸ்ட் 15, அசாம். சுதந்திர தினத்தன்று மாலை. அளவு 8.6. கிள்ளாரியில் வெளிப்பட்டதைப் போல ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு சக்தி. இந்தியப் பக்கம் இறந்தவர்கள் சுமார் 1,500. ஜனம் குறைவான பகுதி என்பது ஒரு காரணம். ஆனால் வீடுகளையும் சொல்லாமல் விடக்கூடாது.

1897 ஜூன் 12 நடுக்கத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் எல்லாம் தரையோடு போயின. அதற்குப் பிறகு அங்கே பரவியதுதான் ‘அசாம் வகை’ வீடு: மரச்சட்டம், நாணல் தட்டியில் பூசிய மெல்லிய சுவர், தகரக் கூரை. ஆடும், சாயும், விழுந்தாலும் ஆளை நசுக்குகிற கனம் இல்லை. இப்போது குவாஹாத்தியில் அதை இடித்துவிட்டுத்தான் அடுக்குமாடி எழுப்புகிறார்கள்.

1950இல் வீடு தப்பியும் ஆறு விடவில்லை. மலை சரிந்து சுபன்சிரியை அடைத்தது. சில நாள் கழித்து அடைப்பு உடைந்து, வந்த வெள்ளம் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது.

*

1897ஐ ஆராய்ந்த ஆர்.டி. ஓல்டாம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காரர். தூரத்து நிலநடுக்க அலைகளைப் படித்தே 1906இல் பூமிக்குள் தனியாக ஒரு கரு இருக்கிறது என்று காட்டினார். அவருடைய அப்பா தாமஸ் ஓல்டாம் இந்திய நிலநடுக்கங்களுக்குப் பட்டியல் போட்டவர். சில வீடுகளில் வைத்தியம் பரம்பரையாக வரும். அவர்கள் வீட்டில் பூகம்பம்.

*

1819, கட்ச். உப்புச் சமவெளியில் 80 கிலோமீட்டருக்குக் குறையாத நீளத்தில் ஒரு மேடு எழும்பியது. மனிதன் கட்டாத கரை என்பதால் ‘அல்லா பந்த்’ என்று பேர் வைத்தார்கள். பக்கத்தில் சிந்த்ரி கோட்டை தண்ணீருக்குள் இறங்கியது.

அதே கட்ச், 2001 ஜனவரி 26, காலை 8.46. அஞ்சாரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் குறுகலான தெருவின் இரண்டு பக்கச் சுவர்களும் விழுந்தன. பன்னி பகுதியில் ‘பூங்கா’ என்கிற வட்ட வடிவ மண் குடிசைகள் பல நின்றன. 250 கிலோமீட்டர் தள்ளி, அகமதாபாதில் விழுந்தவை அடுக்குமாடிகள். கார் நிறுத்த வேண்டும் என்று தரைத்தளத்தைச் சுவரே இல்லாமல் வெறும் தூணில் நிறுத்தியிருந்த கட்டடங்கள் அவற்றில் நிறைய.

*

1934 ஜனவரி 15, பீகார். முங்கேர் நகரம் கல்லும் மண்ணுமானது. வயல்களில் பூமி வெடித்து மணலைக் கக்கியது. இது தீண்டாமைக்குக் கிடைத்த தண்டனை என்று காந்தி சொன்னார். சொன்ன இடம் திருநெல்வேலி. அப்போது ஹரிஜன சுற்றுப்பயணத்தில் இருந்தார். தாகூர் கடுமையாக மறுத்து எழுதினார். காந்தி அதைத் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே போட்டார். என் ஓட்டு தாகூருக்கு. ஆனால் தன்னைத் திட்டிய கட்டுரையைத் தானே அச்சடித்தவருக்கு ஒரு கும்பிடு.

*

வரைபடக் கதை. தக்காணம் அசையாத பாறை என்று நம்பியிருந்தோம். 1967 டிசம்பரில் கொய்னா அணையடியில் பூமி ஆடியது. நீர்த்தேக்கம் நிரம்பினால் நடுக்கம் தூண்டப்படலாம் என்பதற்கு உலகமே இன்றும் காட்டுகிற உதாரணம் அது. 1970இல் நாட்டின் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தினார்கள். அதில் கிள்ளாரி மண்டலம் ஒன்று, அதாவது ஆபத்து மிகக் குறைந்த இடம். 1993 வந்தது. 2002இல் மண்டலம் ஒன்றையே எடுத்துவிட்டார்கள். சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது.

*

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு அடுக்குமாடி வேலை. கீழே பார்க்கிங், வெறும் தூண்கள். தூண் கம்பியைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கின் முனையை நேராக, எல் மாதிரி மடக்கியிருந்தார்கள். கான்கிரீட்டுக்குள் சாய்வாக உள்நோக்கி மடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடுகிறபோது ரிங் பிரிந்து தூண் பிதுங்கும்.

“மேஸ்திரி, இதை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கக் கூடாதா?”

“மடக்கலாம் சார். கம்பி நுழையாது, கைவேலை ஜாஸ்தி. நம்ம ஊருல எங்க சார் பூகம்பம்?”

2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் வந்த நடுக்கத்தில் சென்னையே தெருவுக்கு ஓடிவந்ததைச் சொன்னேன். “அப்ப நான் திண்டிவனம் சார். சின்னப் பையன். தட்டெல்லாம் உருண்டுச்சு” என்று சிரித்தார். ஒரே ஒரு ரிங்கை எனக்காக உள்ளே மடக்கிக் கட்டினார். மறுநாள் காலை கான்கிரீட் போட்டுவிட்டார்கள்.