பனிமலைக்கு ஒரு நடுச்சட்டை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், கானமயில் ஒன்றைக் கண்டு, அது குளிரால் நடுங்குகின்றது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்னும் செய்தியை நம் இல்லங்களில் அறியாதார் இலர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இக்கதையைக் கேட்டுவந்த என் மகள், எட்டு வயதில் ஒரு வினா எழுப்பினாள். “மயிலுக்குத்தான் இறகு இருக்கிறதே அப்பா, அதைவிட நல்ல போர்வை உண்டா?” வள்ளலின் உள்ளத்தை எடைபோடக் கேட்ட வினா அன்று அது. எனினும், பதினைந்து ஆண்டு கழித்து அவளுக்கே ஒரு போர்வை தேட நேர்ந்தபோது, அவ்வினாவிலேயே விடையின் பாதி அடங்கியிருந்தது.

சென்ற கார்த்திகையில் அவள் இமயமலைக்குச் செல்லப்போவதாக அறிவித்தாள். உத்தரகாசி மாவட்டத்துச் சாங்க்ரி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, பனி மூடிய தேவதாரு, பைன் காடுகளின் ஊடே ஏறி, 12,500 அடி உயரமுள்ள கேதார்கந்தா முடியை அடையும் நடைப்பயணம். இந்தியப் பெண்களுள் முதன்முதலாக 1984-இல் எவரெஸ்ட்டில் கால் பதித்த பச்சேந்திரி பால் பிறந்த மாவட்டம் அது என்று வாதத்துக்குத் துணை தேடிக்கொண்டாள். அலுவலகத் தோழியர் நால்வர் உடன் வருகின்றனர், விடுப்பும் கிடைத்துவிட்டது. எஞ்சியது உடை ஒன்றுதான்.

“நல்ல ஜாக்கெட் ஒன்று வாங்க வேண்டும்” என்று அவள் சொன்னதைக் கேட்ட என் தாயார், “துணியை எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்தால் இரண்டு நாளில் தைத்துத் தருவாரே, அதற்கு ஏன் இத்தனை ஆலோசனை?” என்றார். சேலத்தினின்று குடிபெயர்ந்த எங்கள் வீட்டில் ஜாக்கெட் என்றால் இரவிக்கை; வேறு பொருள் இல்லை. குளிரைக் குறிக்க நமக்குச் சொற்களும் குறைவு. முன்பனி, பின்பனி என்று இரு பருவம் வகுத்தோமேயன்றி, வெண்பனியில் நடப்பவன் என்ன உடுப்பான் என்று எண்ண வேண்டிய தேவை நம் முன்னோர்க்கு எழவில்லை. இங்குள்ள கன்னட அன்பர்கள் குளிரைச் ‘சளி’ என்கின்றனர்; நமக்கோ சளி என்பது குளிர் நெஞ்சில் விட்டுச்செல்லும் பொருள். என் தாயாரின் கவலை முழுவதும் நம் சளியைப் பற்றியதே. பேத்தி சிறுவயதில் மார்கழிதோறும் இளைப்பால் இரவெல்லாம் உட்கார்ந்தே உறங்கியவள். அது நீங்கி ஆண்டு பல ஆயினும், பாட்டியின் காதில் அந்த மூச்சொலி இன்னும் நிற்கிறது. மருத்துவர் நெஞ்சைச் சோதித்துப் போகலாம் என்ற பிறகே நான் இசைந்தேன்.

மைசூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் மேலே உள்ளது. கேதார்கந்தாவோ 3,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். ஆகவே உயர வேறுபாடு ஒன்றே இருபது பாகையை விழுங்கிவிடும். வடதிசையின் மாரிக்குளிரும், முடியில் வீசும் காற்றும் அதற்குமேல். இக்கணக்கைக் கேட்ட வீட்டார் அனைவரும், இருப்பதில் தடித்த உடையை வாங்கு என்றனர். அண்டை வீட்டம்மையார் ஸ்வெட்டர் கடைகளைச் சுட்டினார். பைலகுப்பேயில் 1960-களின் தொடக்கம் முதல் குடியிருக்கும் திபெத்தியர் நம் பக்கத்தவரே ஆதலின், குளிர்காலத்தில் அவர்கள் விற்கும் கம்பளி உடைகள் நமக்குப் புதியன அல்ல. அவற்றுள் பல லூதியானாவில் நெய்யப்பட்டவை என்பது வேறு செய்தி. வீட்டிலும் பேருந்திலும் அணிய அவை மிக நல்லவை. மலையேறுவோர்க்கு வரும் இடரோ வேறு வகையினது.

மலையில் ஆளை வீழ்த்துவது குளிர் மட்டும் அன்று, வியர்வை. தசைகள் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே நடையாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. பனியில் முதுகுச்சுமையோடு ஏறுகிறவள் ஓர் அடுப்பைச் சுமந்து செல்பவளுக்கு ஒப்பாவாள். தடித்த உடையுள் அவ்வெப்பம் அடைபடவே உடல் நனைகிறது. பின் களைத்து நிற்கும்போது அடுப்பு தணிகிறது, ஈரமோ போகவில்லை. நீர், காற்றைப்போல் இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்தி உடை உடம்போடு ஒட்டி, உள்ளிருந்து சூட்டை உறிஞ்சி வெளியே கொட்டிவிடும். உடல்வெப்பம் தாழ்ந்து, பேச்சுக் குழறி, அறிவு மயங்கி இறந்தவர் வரலாறுகள் பல உள. நாம் பெருமையோடு உடுக்கும் பருத்திக்கு அங்கு இடமில்லை என்பதை என் தாயார் ஏற்க இரண்டு நாள் ஆயிற்று.

ஆதலின் மலையேறுவோர் மூன்றடுக்காக உடுக்கின்றனர். உடம்பை ஒட்டி, வியர்வையை வாங்கி வெளியே தள்ளும் மெல்லிய தெர்மல். காற்றையும் பனியையும் தடுக்கும் மேலுறை. இரண்டிற்கும் நடுவே சூட்டைக் காக்கும் சட்டை. இந்த நடுச்சட்டையே தெரிவுக்குக் கடினமானது. ஏனெனில் அதனிடம் நாம் கேட்பவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன: சூட்டைப் பிடித்து வைக்கவும் வேண்டும், மிகுந்ததை விடவும் வேண்டும்.

சூட்டைக் காப்பது துணி அன்று, துணியுள் அசையாது நிற்கும் காற்று. மயிலின் இரகசியமும் அதுவே. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்பார், பலூன் துணிக்குள் வாத்தின் மென்தூவியை அடைத்துத் தைத்த மேலங்கி ஒன்றைக் கொணர்ந்தார். மற்றவர் கம்பளியும் தடித்த கோட்டும் அணிந்து அவரை நகைத்தனராம். அவரோ அவ்வாண்டு 27,000 அடிக்கு மேல் ஏறினார். இன்றும் எடைக்கு எடை தூவிக்கு நிகர் அரிது. ஆனால் அது நனைந்தால் கட்டியாகித் தன் காற்றை இழந்துவிடும். வியர்த்துக்கொண்டே ஏறுகிறவளுக்கு அது நடுச்சட்டையாகாது. ஓய்வில் போர்த்திக்கொள்ளவே ஏற்றது.

எஞ்சியவை இரண்டு. ஒன்று ஃப்ளீஸ்: பாலியெஸ்டர் இழையைச் சுரண்டிப் பொசுபொசுப்பாக்கிய துணி. ஈரம் அதன் இழையில் ஏறுவதில்லை, விரைவில் உலரும், விலையும் குறைவு, காற்று மட்டும் ஊடுருவும். மற்றொன்று செயற்கைப் பஞ்சு வைத்தது. இதிலும் இருவகை. அமெரிக்க இராணுவம் தூவிக்கு மாற்று தேடியதால் 1980-களில் பிறந்த பிரைமாலாஃப்ட் போன்ற பஞ்சு, நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். அந்நாட்டுச் சிறப்புப் படையினர்க்கென்று பின்னர் உருவான போலார்டெக் ஆல்ஃபா, தளர்ந்த பின்னலால் ஆனது. காற்றுப் புகும் துணிகளுக்கிடையே வைத்துத் தைக்கப்படுவதால், ஏறும்போது வெப்பத்தை வெளிவிடும், கழற்ற வேண்டியதில்லை.

கடையில் இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சட்டையின் துணியை வாயோடு வைத்து ஊதுக. மூச்சுத் தடையின்றிப் புறம் சென்றால் அது நடப்பவர்க்கு உரியது. சென்று முட்டித் திரும்பினால் நிற்பவர்க்கு உரியது. என் மகள் வரிசையாக ஊதிப் பார்க்க, விற்பனை இளைஞர் முதலில் திகைத்துப் பின் தாமும் ஊதலானார். பஞ்சின் எடை சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சீட்டில் இருக்கும். ஓயாது ஏறுவோர்க்கு 40 முதல் 60 வரை போதும். 100-க்கு மேல் முகாமுக்கு. கைகளை உயரத் தூக்கும்போது இடுப்பு வெளியே தெரியலாகாது. பாறையேறுவோர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். உள்ளே தெர்மலும் வெளியே மேலுறையும் அணிந்தபின் தோள் இறுகவும் கூடாது. கழுத்து வரை ஜிப் இருப்பது நன்று. அரை விரற்கடை திறந்தாலே எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பது வியப்பு.

ஏறக்குறைய 4,500 ரூபாயில் 60 கிராம் பஞ்சுச் சட்டை ஒன்றைத் தெரிந்தோம். உடன் வீட்டிலிருந்த மெல்லிய ஃப்ளீஸ் ஒன்று. தடித்த தூவி ஜாக்கெட்டைச் சாங்க்ரியிலேயே வாடகைக்குப் பெறலாம் என்பதால் அதற்குப் பணம் செலவிடவில்லை.

சாமுண்டி மலையின் ஆயிரம் படிகள் காலுக்குப் பயிற்சி தந்தன. ஆனால் நந்தியை அடையுமுன்பே வியர்க்கும் ஊரில் சட்டையைச் சோதிப்பது எங்ஙனம்? உதகைக்குச் சென்றோம். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவில் ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடப்படுவதால், முதல்நாளே போய் உறவினர் வீட்டில் தங்கினோம். விடியலில் புல்வெளியெங்கும் உறைபனி வெள்ளுப்புப்போல் படிந்திருந்தது. பத்துக் கிலோ சுமையோடு அவள் மேட்டுச் சாலையில் முக்கால் மணி ஏறினாள். பின்னர்க் கால்மணி அசையாது நின்றாள். நான் அவள் முதுகில், சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, ஈரம் சிறிதே. நின்ற கால்மணியின் இறுதியில் மட்டும் குளிர்கிறது என்றாள். அதுவும் வேண்டிய செய்தியே: நிற்குமிடத்தில் மேலே இன்னொன்று வேண்டும்.

மார்கழியில் அவள் சென்றாள். முடியேறும் நாளில் இருட்டிலேயே, சற்றுக் குளிர்வதுபோல் தோன்றும் அளவு உடையோடு புறப்பட்டனர். பத்து நிமிட நடையில் அக்குளிர் தீர்ந்துவிடும் என்று வழிகாட்டி சொன்னாராம். முகாமிலேயே தடித்த ஜாக்கெட்டை அணிந்து கிளம்பிய வேறு குழுவினர் ஒருவர், பாதி வழியில் உள்ளாடை வரை நனைந்து நடுங்கியதை அவள் கண்டாள். அவருக்கு மாற்றுத் தெர்மலும், பையிலிருந்த நம் வீட்டு ஃப்ளீஸும் கொடுத்துத் தேநீர் பருகுவித்துக் கீழே அனுப்பினர். முடியில் கதிரவன் எழக் காத்திருந்த நேரத்தில் இவள் வாடகை ஜாக்கெட்டை மேலே போர்த்திக்கொண்டாள். தொலைபேசியில் அவள் பேசியபோது என் தாயார் கேட்டது ஒன்றே: “மூச்சு எப்படி இருக்கிறது?” “உங்களோடு பேசிக்கொண்டே நடக்கிறேன் பாட்டி” என்றாள்.

அந்த ஃப்ளீஸ் திரும்பி வரவில்லை. சட்டையை இளஞ்சூட்டு நீரில், மென்சோப்பிட்டு, துணிமென்மையாக்கும் திரவம் கலவாமல் துவைத்து நிழலில் உலர்த்தி வைத்துள்ளோம். பிழிந்து முறுக்கினால் பஞ்சு ஓரிடம் ஒதுங்கிவிடும். அடுத்த மாதம் எங்கள் தெருத் தமிழன்பர் ஒருவரின் மகன் அதே மலைக்குப் போகிறான். தோளளவு பார்த்தோம், பொருந்துகிறது.