இலவச டிக்கெட்டும் ஒரு குடையும்!

முத்துநகர் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி, ஒரு பொட்டலம் மக்ரூனோடு தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு நடந்தேன். (மக்ரூன் கட்டுரைக்கு அவசியமில்லை, எனக்கு அவசியம்!)

இங்கிருந்துதான் கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் ஓடியது. 1906-ல் கம்பெனி தொடங்கியபோது வ.உ.சி.யிடம் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக் கப்பலையும் வெள்ளைக்காரர்கள் மிரட்டிப் பிடுங்க, பம்பாய்க்குப் போய் 'காலியா'வை வாங்கினார். எதிர்க் கம்பெனி இலவச டிக்கெட்டோடு குடையும் கொடுத்துப் பார்த்தது! 1908-ல் அவரை ஜெயிலில் போட்ட பிறகுதான் சுதேசிக் கம்பெனி படுத்தது.

அப்புறம் புதுத் துறைமுகப் பக்கம் போனேன். 2011 முதல் அதற்கு அவர் பெயர். தூரத்தில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கடலோரக் காவல்படைக் கப்பல்.

"சும்மாதானே நிக்குது அண்ணாச்சி?"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர் முறைத்தார். "போன படகு திரும்பலைன்னா 1554-க்குத்தான் போன் அடிப்போம். அது சும்மா நிக்கிறவரைக்கும் எங்களுக்கு நல்லதுல்லா!"