காற்று திரும்பும் நேரம்

மே மாதத்தில் என் ஆராய்ச்சியில் பாதி காத்திருப்பதுதான். காலை பத்து மணிக்கு மொட்டைமாடி ஏறினால் மேற்கிலிருந்து அனல் அடிக்கும். காற்றுத் திசைகாட்டியின் அம்பு மேற்கையே பார்த்து நிற்கும். பதினொன்றோ பன்னிரண்டோ ஆகும், சில நாள் இரண்டுகூட ஆகிவிடும். திடீரென்று அம்பு தடுமாறும், ஒரு சுற்றுச் சுற்றும், தென்கிழக்கில் போய் நிற்கும். கொஞ்ச நேரத்தில் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சட்டை முதுகில் ஒட்டும். கடற்காற்று வந்துவிட்டது.

பள்ளிப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் விஷயம். தரை சூடாகிறது, அங்குள்ள காற்று மேலே எழுகிறது, கடல் காற்று உள்ளே வருகிறது, அவ்வளவுதான். சென்னையில் அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை. எதிரே நிற்கும் மேற்குக் காற்றோடு மல்லுக்கட்டித்தான் கரை ஏற வேண்டும். மேற்கு வலுத்த நாளில் கடற்காற்று கடல்மேலேயே தேங்கிவிடும், நகரம் வேகும். ஏறினாலும் கரைக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்துக்கு முதலில், உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்குப் பிறகு. கோடையில் மீனம்பாக்கம் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுவதில் இந்தத் தாமதத்துக்குப் பங்குண்டு. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இருக்கும் டாப்ளர் ரேடாரில் கடற்காற்றின் முனை சில நாள் மெல்லிய கோடாகத் தெரியும். மழை இருக்காது, காற்றோடு குவிந்த பூச்சியும் தூசியும்தான் அந்தக் கோடு. முதன்முதலாக அதைப் பார்க்கும் மாணவர்கள் ரேடாரில் கோளாறு என்றுதான் சொல்வார்கள்.

நொச்சிக்குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் ஒருமுறை விளக்கப் போனேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "கச்சான் இறங்கணும் சார், அப்பதான் கடக்காத்து ஏறும்." கச்சான் என்றால் மேற்குக் காற்று. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அவர் சொன்ன அதேதான். வாடை, கொண்டல், தென்றல், கச்சான் என்று நம் ஆட்கள் காற்றுக்கு வைத்த பெயரெல்லாம் அது வரும் திசையைத்தான் சொல்கின்றன. புயல் நேரத்தில் என்னைத் தொலைபேசியில் பிடிப்பவர்களோ, "எத்தனை கிலோமீட்டர் வேகம்?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு வேகம் இரண்டாம்பட்சம். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் இடப்பக்கம் இருக்கும். மேற்கு நோக்கி வரும் புயல் தொடும் இடத்துக்கு வடக்கே காற்று கடலைக் கரைமேல் தள்ளும், தெற்கே கரையிலிருந்து இழுக்கும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கரையைக் கடந்தால் ஒரு குப்பத்தில் தண்ணீர் புகும், இன்னொன்றில் புகாது.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது முதலில் வடக்கிலிருந்து அடித்தது. பிற்பகலில் மையம் தலைக்குமேல் வந்தபோது காற்று விட்டது. எங்கள் தெருவில் ஆட்கள் வெளியே வந்து, விழுந்த மரங்களைப் படமெடுத்தார்கள். "உள்ள போங்க, இன்னும் பாதி இருக்கு!" என்று மாடியிலிருந்து கத்தினேன். பைத்தியக்காரப் புரொபசர் என்று நினைத்திருப்பார்கள். பிறகு தெற்கிலிருந்து அடித்தது.

மறுநாள் திசைமானியும் நோட்டுமாக மரம் பார்க்கக் கிளம்பினோம். வடகாற்றில் விழுந்த மரம் தெற்கே தலைவைத்துக் கிடக்கும், தென்காற்றில் விழுந்தது வடக்கே. இரண்டையும் வரைபடத்தில் குறித்தால் மையம் போன தடத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் சாலையோர மரங்கள் எங்களை ஏமாற்றிவிட்டன. மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டியபோது ஒரு பக்கத்து வேரை வெட்டியிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவை சாய்வது ஒரே பக்கம். முதல் நாள் எடுத்த குறிப்பில் பெரும்பகுதியை அடித்துவிட்டு, திறந்த மைதானத்து மரங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். நகரத்தில் திறந்த மைதானம் எத்தனை இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

தப்பாகச் சொன்ன நாளும் உண்டு. 2021 டிசம்பர் 30 காலையில், "மிதமான மழைதான், துணி காயப்போடலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அன்றைக்கு மதியம் தொடங்கி இரவுவரை நகரின் கடலோரத்தில் சில இடங்களில் 20 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. கரையை ஒட்டிய குறுகலான பட்டையில் காற்று குவிந்து, மேகம் அங்கேயே மறுபடி மறுபடி முளைத்தது. நான் கையில் வைத்திருந்த வானிலைக் கணிப்பு மாதிரியின் கட்டங்கள் அந்தப் பட்டையைவிடப் பெரியவை. வீட்டில் இன்றும் துணி உலர்த்துவதற்கு என்னிடம் யோசனை கேட்பதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பெரிய வேகமில்லை, டிவியில் பேசி முடித்துவிட்டார்கள், நானும் படுத்துவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குத் திண்டிவனத்திலிருந்து பழைய மாணவன் பேசினான்.

"சார், மழை விடவே இல்ல."

"காத்து எங்கேருந்துப்பா?"

"வடகிழக்குதான் சார். ராத்திரியும் அதேதான்."

மையம் உள்ளே நகர்ந்திருந்தால் காற்று இதற்குள் திரும்பியிருக்க வேண்டும். எழுந்து விளக்கைப் போட்டேன். காலை எட்டரைக்கு மழைமானியை அளந்தபோது பக்கத்து மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ.