குளோர்னு வருமே, அது!

போன சம்பாவில், நடவு முடிஞ்சு நாற்பது நாள் இருக்கும். நெல்லில் நடுக்குருத்து காய்ஞ்சு, இழுத்தா கையோட வந்துச்சு. தண்டு துளைப்பான். நண்பர் போனில் மருந்து சொன்னார்: குளோரான்ட்ரானிலிப்ரோல், ஏக்கருக்கு 60 மில்லி. கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பேரில் முக்கால்வாசி மறந்துபோச்சு. "குளோர்னு வருமே, அது ஏக்கருக்குக் குடுப்பா" என்றேன். கூட்ட நேரம். பையன் எடுத்துக் கொடுத்தது பிரெட்டிலாகுளோர். அதிலும் குளோர் இருக்கு, கடைசியில். அரை லிட்டர் பாட்டிலைப் பார்த்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. அடிச்சிட்டேன்.

பத்து நாளாகியும் குருத்து காயறது நிக்கல. லேபிளைப் படம் எடுத்து, ஆறாவது படிக்கிற மகளிடம் காட்டினேன். மோவாய்க்குக் கீழே கையை வெச்சுக்கிட்டு 'ஹெர்-பி-சைட்' என்று படிச்சா. போனில் தட்டிப் பார்த்தோம். களைக்கொல்லி!

"எழுத்த எண்ணாதீங்கப்பா, தாடை எத்தன தடவ இறங்குதுன்னு எண்ணுங்க" என்றாள். டிராக்டர் சொல்லிப் பார்த்தேன்: டி-ராக்-டர், மூணு. இல்லையாம், ரெண்டுதானாம். நம்ம வாய்க்கு ரெண்டு மெய் சேர்ந்து சொல்லைத் தொடங்கறது ஆகாது, நடுவுல ஒரு உயிரைச் செருகிடுது. குளோர்லயும் அப்படித்தான், அங்கே ஒரே தட்டு, நமக்குக் கு-ளோர். பள்ளிக்கூடத்தில் நேர், நிரைன்னு அலகிட்டதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். நிரையில் ரெண்டு குறில் சேர்ந்து ஒரு அசையாகும், இங்கிலீஷில் உயிரொலிக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுல இன்னொரு கூத்து. புதன்கிழமையை எழுதும்போது வெட்-நெஸ்-டேன்னு மூணாச் சொல்லிக்கிறா, பேசும்போது வென்ஸ்-டே, ரெண்டு. ஏன்டின்னு கேட்டா, "அப்பதான் நடுவுல இருக்கிற டி விட்டுப்போகாது" என்கிறாள்.

மறுநாள் அவளே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: குளோ-ரான்-ட்ரா-நி-லி-ப்ரோல். வண்டியில் போகும்போதே மோவாயில் கைவெச்சு ஆறு தடவை சொல்லிப் பார்த்தேன். கடையில் தடுமாறாம சொன்னதும் பையன் நிமிர்ந்து பார்த்தான். சின்ன பாட்டில்தான் வந்துச்சு, பச்சை முக்கோணம் போட்டது.

ஆனா பத்து நாள் போனது போனதுதான். அந்த ஏக்கரில் எட்டு மூட்டை குறைஞ்சுது. சீட்டு இன்னும் சட்டைப் பையில இருக்கு.